'தி லோ எண்ட் தியரி'யை முழுதாகக் கேட்பது எப்படி?

பழைய ராப் ஆல்பம் ஒன்றை நல்ல ஒலியில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது பெரிய எண்ணைத்தான். 24 பிட் இருக்கிறதா, 96 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா, 192 கிடைக்குமா என்று கேட்கிறார்கள். எண் கூடினால் ஒலியும் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் உருவான ஹிப்-ஹாப் ஆல்பங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஏன் பொருந்தாது, அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒரே ஓர் ஆல்பத்தை வைத்துச் சொல்கிறேன். எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் என்ற குழுவின் 'தி லோ எண்ட் தியரி'.

1991 செப்டம்பர் 24 அன்று ஜைவ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஆல்பம் இது. 14 பாடல்கள், சுமார் 48 நிமிடம். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த க்யூ-டிப், ஃபைஃப் டாக் இருவரும் ராப் பாடுகிறார்கள். அலி ஷஹீத் முஹம்மது டி.ஜே. ஆல்பம் வந்தபோது மூவருக்கும் இருபது, இருபத்தொரு வயதுதான். அந்த வயதில் அவர்கள் செய்ததை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2022-ல் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. காலத்துக்கும் காப்பாற்ற வேண்டிய ஒலிகள் என்று அந்த நூலகம் கருதுபவற்றுக்கான பட்டியல் அது. ஃபைஃப் டாக் இதைப் பார்க்க இல்லை. நீண்ட காலம் சர்க்கரை நோயோடு போராடி, 2016-ல் 45 வயதில் இறந்துபோனார்.

ஆல்பத்தின் பெயரே தாழ்ந்த ஒலிகளைப் பற்றியது. பாடலின் அடியில் ஓடும் பேஸை இவர்கள் நடுவீட்டுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பல பாடல்களில் பேஸ், டிரம்ஸ், குரல் மூன்றும்தான் இருக்கும். மற்றதெல்லாம் வந்து போகும். மிருதங்கத்தில் வலந்தலை எவ்வளவு பொரிந்தாலும் தொப்பியின் கும்கி இல்லாவிட்டால் லயம் உடம்புக்குள் இறங்காது. இங்கே பேஸ் செய்வது அந்தத் தொப்பியின் வேலை. ஆகவே இந்த ஆல்பத்தை நன்றாகக் கேட்டீர்களா இல்லையா என்பதை பேஸ்தான் தீர்மானிக்கும்.

செல்பேசியின் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுப் பாருங்கள். இதில் கேட்கும் டபுள் பேஸ் என்பது நின்றுகொண்டு வாசிக்க வேண்டிய, ஆளுயரத்துக்கு மேலான மரவாத்தியம். அதன் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். கைக்குள் அடங்கும் ஸ்பீக்கரால் அந்த அளவுக்குக் காற்றைத் தள்ளவே முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறத்தாழ ஊமை. ஆனாலும் நமக்கு ஏதோ பேஸ் கேட்பது போலிருக்கும். அடிச்சுருதி காணாமல் போனாலும் அதன் மேல்சுரங்கள் காதில் விழுந்தால், விட்டுப்போனதை மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அந்த ஊகத்தை மட்டும் கேட்டுவிட்டு, இந்த ஆல்பம் எனக்கு ஒட்டவில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆல்பத்தின் பாதியை அவர்கள் இன்னும் கேட்கவே இல்லை.

பீட் எதிலிருந்து வந்தது?

அன்றைய ஹிப்-ஹாப் பாடலுக்குப் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் தேவைப்படவில்லை. பழைய ஜாஸ், சோல், ஃபங்க் இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவார்கள். அதிலிருந்து இரண்டு விநாடி பேஸ், அரை விநாடி டிரம் அடி என்று வெட்டி எடுப்பார்கள். வெட்டிய துண்டுக்குப் பெயர் சாம்பிள். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் லூப். பல லூப்புகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் பீட். இந்த ஆல்பத்தின் முதல் பாடலான 'எக்ஸ்கர்ஷன்ஸ்' ஒரு பேஸ் வரியோடு தொடங்குகிறது. அது ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியும் அவருடைய ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழுவும் பதிவுசெய்த ஒரு பாடலிலிருந்து வந்தது. 'ஜாஸ்' என்ற பாடலின் அடியில் ஓடுவது சாக்ஸபோன் கலைஞர் லக்கி தாம்சனின் பதிவு. 'செக் த ரைம்' பாடலில் மின்னி ரிப்பர்டனின் பாட்டும் ஆவரேஜ் வைட் பேண்டின் பாட்டும் கலந்திருக்கின்றன.

வெட்டி ஒட்ட ஒரு கருவி வேண்டும். அந்தக் காலத்து நியூயார்க் தயாரிப்பாளர்களின் மேசையில் இருந்தவை இமு நிறுவனத்தின் எஸ்.பி-1200, அக்காய் நிறுவனத்தின் எஸ்950 ஆகிய சாம்ப்ளர்கள். 1987-ல் வந்த எஸ்.பி-1200-ன் கொள்ளளவு மொத்தமே பத்து விநாடி. ஒரு பாடலுக்கான டிரம்ஸ், பேஸ், குழல் எல்லாவற்றையும் அந்தப் பத்து விநாடிக்குள் அடக்க வேண்டும். அடங்காதபோது ஒரு தந்திரம் செய்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓடவிட்டுப் பதிவுசெய்வார்கள். பிறகு கருவிக்குள்ளேயே சுருதியை இறக்கி, பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். பத்து விநாடி இடத்தில் பதின்மூன்றரை விநாடி இசை அடங்கிவிடும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலைதான் இந்த இசையின் குணம். அதைப் புரிந்துகொள்ள டிஜிட்டல் ஒலியின் இரண்டு எண்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டு எண்கள்

காற்றில் வரும் ஒலி அலையை டிஜிட்டலாக்க, அதன் உயரத்தை விநாடிக்கு இத்தனை முறை என்று அளந்து குறித்துக்கொள்கிறார்கள். எத்தனை முறை அளக்கிறோம் என்பது முதல் எண். சி.டி.யில் விநாடிக்கு 44,100 முறை, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ். எத்தனை முறை அளக்கிறோமோ அதில் பாதி வரையிலான அதிர்வெண்களைத்தான் திரும்பக் கொண்டுவர முடியும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி. சி.டி. சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை போகும். மனிதக் காதின் எல்லை நல்ல இளமையில் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கும்.

இரண்டாவது எண், ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறோம் என்பது. 16 பிட் என்றால் 65,536 படிகள். ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபல் என்று கணக்குப் போட்டால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. 24 பிட்டில் படிகள் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். காகிதத்தில் 144 டெசிபல்.

இனி எஸ்.பி-1200-க்கு வருவோம். அது அளப்பது விநாடிக்கு 26,040 முறை, நுணுக்கம் 12 பிட். அதன் வழியாகப் போன டிரம் ஒலியில் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த இயல்பான ஒலி உள்ளே நுழைந்திருக்கவே முடியாது. 45 சுற்றுத் தந்திரம் செய்திருந்தால் இன்னும் மோசம். வேகத்தைக் கூட்டும்போது எல்லா அதிர்வெண்களும் மேலே ஏறுவதால், மூல இசைத்தட்டில் சுமார் 9,600 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்ததெல்லாம் வெளியே நின்றுவிடுகிறது. சிம்பலின் மினுமினுப்பு பெரும்பகுதி போயிற்று. சுருதியை இறக்கும்போது கருவி அளவுகளை முரட்டுத்தனமாகத் திரும்பச் சொல்வதால், மூலத்தில் இல்லாத ஒரு கரகரப்பு மேலே படிகிறது. டிரம் அடியில் மணல் தூவியது போன்ற அந்த உறுத்தலை ராப் ரசிகர்கள் உயிராக நேசிக்கிறார்கள்.

பேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். டபுள் பேஸின் உடம்பு முழுக்க ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. 12 பிட்டும் 26 கிலோஹெர்ட்ஸும் அதற்குத் தாராளம். மேல்பகுதி மங்கி, கீழ்ப்பகுதி முழுசாக நின்றதால்தான் இந்தக் காலத்துப் பீட்டுகள் இருட்டாகவும் கனமாகவும் ஒலிக்கின்றன. பல சமயம் தயாரிப்பாளர்களே சாம்ப்ளரின் ஃபில்டரைத் திருகி, இசைத்தட்டின் மேல் ஒலிகளை வேண்டுமென்றே மூடி, பேஸை மட்டும் உருவி எடுத்தார்கள்.

அதன் மேல் புதிதாகப் பதிவுசெய்தது குரல். க்யூ-டிப்பின் மூக்கில் உரசி வரும் மென்குரலும், ஃபைஃபின் உயர்ந்த, துள்ளும் குரலும் எந்த சாம்ப்ளர் வழியாகவும் போகவில்லை. ஸ்டுடியோ மைக் பிடித்த முழு ஒலி அது. ஆக இந்த ஆல்பத்தில் இரண்டு வகைத் தெளிவு ஒன்றாக வாழ்கிறது. பழைய இசைத்தட்டின் மங்கல் அடியில், நேற்றுப் பேசியது போன்ற குரல் மேலே. நல்ல ஒலியில் கேட்கும்போது முதலில் துலங்குவது இந்த வேறுபாடுதான். இரண்டையும் பொருத்திய பெருமையில் பெரும்பங்கு ஒலிப்பொறியாளர் பாப் பவருக்கு. சாம்பிள்களோடு ஒட்டிவந்த தேய்மானச் சத்தங்களைப் பொறுமையாகக் களைந்து, லூப்புகள் ஒன்றையொன்று மிதிக்காமல் அடுக்கியவர் அவர். இன்னும் எங்காவது இசைத்தட்டின் பொரிபொரிப்பு கேட்டால் உங்கள் கோப்பில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். அது வைத்ததுதான்.

சுருக்கிய கோப்பில் எது போகிறது?

இங்கேதான் உண்மையான இழப்பு நடக்கிறது. சி.டி.யின் ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட். எம்.பி.3 வந்த புதிதில் அதை 128-க்குச் சுருக்கிக் கேட்டோம். 48 நிமிட ஆல்பம் 500 எம்.பி.யிலிருந்து 46 எம்.பி.க்கு வந்துவிட்டது. பத்தில் ஒன்பது பங்கைத் தூக்கி எறிந்தும் பாட்டு பாட்டாகவே இருந்தது ஒரு பெரிய சாதனை. ஓர் உரத்த ஒலி இருக்கும்போது அதன் பக்கத்திலுள்ள மெல்லிய ஒலி காதுக்குத் தெரியாது என்ற உண்மையை வைத்து, தெரியாததைக் கழித்துவிடும் முறை அது.

கழிப்பதில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, திடீரென்று வெடிக்கும் அடி. எம்.பி.3 ஒலியைச் சிறு சிறு துண்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. ஒரு துண்டத்தின் நடுவில் ஸ்னேர் டிரம் சட்டென்று விழுந்தால், சுருக்கலின் பிழை துண்டம் முழுக்கப் பரவி, அடி விழுவதற்குச் சில மில்லி விநாடிகள் முன்பே ஒரு மெல்லிய சலசலப்பாக எட்டிப்பார்க்கும். ஸ்னேரின் விளிம்பு மழுங்கிவிடும். இரண்டு, இரைச்சல் போன்ற ஒலிகள். ஹை-ஹாட், இசைத்தட்டின் பொரிபொரிப்பு, நாம் மேலே பார்த்த அந்த மணல் கரகரப்பு ஆகியவற்றில் ஒழுங்கான வடிவம் கிடையாது, எனவே சுருக்குவது கடினம். பிட் போதாதபோது அவை தண்ணீருக்குள் இருந்து வருவது போல் குழைந்து சுழலும்.

மற்ற இசைக்கு இது ஓரத்துக் குறையாக இருக்கலாம். ஸ்னேரின் விளிம்பும் கரகரப்பும்தான் ஹிப்-ஹாப் பீட்டின் முகம். அதனால்தான் இந்த இசைக்கு லாஸ்லெஸ் கோப்பு அவசியம் என்கிறேன். லாஸ்லெஸ் என்றால் எதையும் எறியாமல் மடித்து வைப்பது. விரித்தால் ஒரு பிட் கூடக் குறையாமல் திரும்பக் கிடைக்கும். ஃபிளாக், ஆப்பிளின் அலாக் இரண்டும் அப்படிப்பட்டவை. இந்த ஆல்பம் ஃபிளாக்கில் ஏறத்தாழ 300 எம்.பி. பிடிக்கும். இன்றைய செல்பேசியில் அது ஒரு பொருட்டே இல்லை. 320 கிலோபிட் எம்.பி.3-ஐயும் லாஸ்லெஸ்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்தச் சொன்னால் பெரும்பாலானோருக்கு முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒருமுறை வாங்கி ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளப் போகும் ஆல்பத்துக்கு, அந்தச் சந்தேகத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அதற்கும் மேலே?

சி.டி. தரத்துக்கு மேலே போனால் ஹை-ரெஸ். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு 48,000 ஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்குகிறது. 13,000-லேயே நின்றுபோன டிரம் ஒலிக்கு 48,000 வரை இடம் கொடுத்து என்ன பயன்? நுணுக்கத்திலும் இதே கதைதான். 12 பிட் சாம்பிளின் எல்லை 72 டெசிபல். அதற்கு ஊட்டிய இசைத்தட்டின் சொந்த இரைச்சலே பெரும்பாலும் அதைவிட முன்னால் வந்துவிடும். 16 பிட்டில் அது நிம்மதியாக அடங்கும்.

பொதுவாகவே ஹை-ரெஸ் கேட்கிறதா என்ற கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவையும், அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசு சுண்டிப் போட்டாலும் அதே அளவுதான் வரும். 2016-ல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சரியான விடை 52.3 சதவீதம் என்று வந்தது. தற்செயல் என்று தள்ளிவிட முடியாது, ஆனால் மிகச் சிறிய வேறுபாடு. பயிற்சி பெற்றவர்களிடம் அது சற்றுக் கூடுதலாக இருந்தது. இந்தச் சிறு வேறுபாடு புதிதாகப் பதிவுசெய்த ஒரு நால்வர் இசையில் உங்களுக்குக் கிடைக்கலாம். எஸ்.பி-1200-ல் புழுதி படிந்த ஸ்னேரில் அதைத் தேடிக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் தீர்ப்பு.

ஹை-ரெஸ் பதிப்பு சில சமயம் நிஜமாகவே நன்றாக ஒலிக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணில் இல்லை, மாஸ்டரில் இருக்கிறது. கலவை முடிந்த பிறகு, வெளியீட்டுக்கு முன் ஒலியின் அளவையும் நிறத்தையும் கடைசியாகச் சீர்செய்யும் வேலைக்குப் பெயர் மாஸ்டரிங். ஒரே ஆல்பத்துக்கு 1991 மாஸ்டர் ஒன்றும் பிந்தைய மறுபதிப்பின் மாஸ்டர் இன்னொன்றும் இருக்கலாம். 1990-களின் பின்பகுதியிலிருந்து, பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டி தொடங்கியது. சத்தத்தை ஏற்ற, உச்சங்களை லிமிட்டர் வைத்து நசுக்கினார்கள். நசுங்குவது முதலில் கிக் டிரம்மின் முட்டும் ஸ்னேரின் அறையும்தான். அப்படி நசுங்கிய மறுபதிப்பை 24 பிட்டில் வாங்கினாலும், நல்ல நிலையிலுள்ள பழைய சி.டி. அதை வென்றுவிடும்.

எனவே ஒப்பிடும்போது ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். இரண்டு பதிப்பின் சத்தத்தையும் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே, காது அதைச் சத்தம் என்று உணராமல் தரம் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமிங் செயலிகளில் பாடல்களின் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கிறது. ஒப்பிடும் நேரத்துக்காவது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிள் மியூசிக் 2021-லும் ஸ்பாட்டிஃபை 2025-லும் லாஸ்லெஸ் தரத்தைக் கொண்டுவந்துவிட்டன. ஆனால் செயலியின் அமைப்புக்குள் போய் அதை நீங்கள்தான் முடுக்க வேண்டியிருக்கலாம். பணம் கட்டிவிட்டு, வருடக்கணக்கில் சுருக்கிய ஒலியையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

காது வரை கொண்டுபோவது

கோப்பு சரியாக இருந்தும் வழியில் சிதைவது ப்ளூடூத்தில். சாதாரண ப்ளூடூத் ஒலியை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. முறையின் வழக்கமான உச்சம் சுமார் 328 கிலோபிட். சோனியின் எல்.டி.ஏ.சி. 990 வரை போகும். அதுவும் லாஸ்லெஸ் கிடையாது. பேருந்தில் போகும்போது இதெல்லாம் போதும், அங்கே இன்ஜின் சத்தமே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். உட்கார்ந்து கேட்கும்போது வயர் உள்ள இயர்போன் நல்லது. செல்பேசியில் இயர்போன் செருகும் துளை இல்லாவிட்டால், டைப்-சி முனையில் செருகும் சின்ன டாங்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் எண்களை மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி. அதற்குள்தான் இருக்கிறது. ஆப்பிளின் டாங்கிள் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை தரும். இந்த ஆல்பத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இயர்போனில் விலையைவிட முக்கியமானது முனையிலுள்ள ரப்பர். அது காதுத் துளையை இறுக்கமாக அடைக்காவிட்டால், பேஸ் இடைவெளி வழியாக வெளியேறிவிடும். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் கொடுத்திருப்பார்கள். பலரும் மாட்டியிருந்ததை அப்படியே போட்டுக்கொண்டு, பேஸ் குறைவு என்று பேஸ் பூஸ்டை ஏற்றிவிடுகிறார்கள். மூன்றையும் மாற்றிப் பாருங்கள். ஒரு காதுக்கு ஓர் அளவும் மறு காதுக்கு வேறு அளவும் தேவைப்படலாம். சரியாக அடைத்த பிறகு பூஸ்டை அணைத்துவிடுங்கள். பேஸ் பூஸ்ட் எல்லாத் தாழ்ந்த சுரங்களையும் ஒரே கும்மென்ற சத்தமாக்கிவிடும். இந்த ஆல்பத்தின் பேஸ் நடந்து போகிற பேஸ். ஒவ்வொரு சுரமும் தனியாகக் காலெடுத்து வைப்பது கேட்க வேண்டும்.

ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு அறைதான் சிக்கல். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சகஜம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி இருந்தால், சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி அங்கே நின்று பெருகும். டபுள் பேஸின் ஒரு தந்தி திறந்த நிலையில் 55 ஹெர்ட்ஸ். அதாவது பேஸ் வரியில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை தானும் சேர்ந்து முழங்கும், பக்கத்துச் சுரங்கள் மெலிந்து போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் அறையில் இந்த வீக்கம் இரட்டிக்கும். கூரையும் பத்தடி உயரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து வையுங்கள். நீங்களும் சுவரை ஒட்டியோ அறையின் சரிபாதியிலோ உட்காராமல், ஓரிரு அடி முன்னே பின்னே நகர்ந்து பாருங்கள். பைசா செலவில்லாமல் பேஸ் மாறுவதை உங்கள் காதே சொல்லும்.

கேட்கும் வரிசை

'எக்ஸ்கர்ஷன்ஸ்' பாடலிலிருந்து தொடங்குங்கள். முதலில் பேஸ் மட்டும் வரும், பிறகு க்யூ-டிப்பின் குரல். டிரம்ஸ் உடனே வராது. டிரம்ஸ் வரும்வரை உள்ள அந்தச் சில வரிகள்தான் உங்கள் கருவிக்கான பரீட்சை. தந்தியை விரல் இழுத்துவிடும் சத்தமும், அதன் பின்னால் மரம் முழங்குவதும் தனித்தனியாகத் தெரிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. டிரம்ஸ் விழும்போது பேஸ் அதன் அடியில் அமுங்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்து நேராக 'வெர்சஸ் ஃப்ரம் தி அப்ஸ்ட்ராக்ட்' பாடலுக்குத் தாவுங்கள். இதில் பேஸ் சாம்பிள் இல்லை. ஜாஸ் பேஸ் கலைஞர் ரான் கார்ட்டரே ஸ்டுடியோவுக்கு வந்து வாசித்தார். மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் 1963 முதல் 1968 வரை இருந்த மேதை, 2,200-க்கும் மேற்பட்ட பதிவுகளில் வாசித்துக் கின்னஸ் சாதனை படைத்தவர். தன் மகன்களின் வயதுள்ள பையன்களுக்கு வாசிக்க, ஆபாசச் சொற்கள் வேண்டாம் என்ற நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார் என்பது ஹிப்-ஹாப் வட்டாரத்தில் பலரும் சொல்லும் செய்தி. முதல் பாடலின் பேஸ் ஒரே வளையமாகச் சுற்றியது. இங்கே கார்ட்டர் ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது மாற்றுகிறார். ஒரு சுரத்தைச் சற்றுத் தாமதிக்கிறார், ஒன்றை வழுக்கிக்கொண்டு போகிறார். சாம்ப்ளர் வழியாக வந்த பேஸும் மைக் முன்னால் வாசித்த பேஸும் எப்படி வேறுபடும் என்பதை இந்த இரண்டு பாடல்களை அடுத்தடுத்துக் கேட்டால் தெரிந்துகொள்ளலாம். எந்த விளக்கமும் அதற்கு ஈடாகாது.

குரல்களுக்கு 'செக் த ரைம்'. இருவரும் ஒருவரையொருவர் அழைத்துப் பதில் சொல்லிக்கொள்ளும் பாட்டு அது. நட்பு எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். கடைசிப் பாடலான 'சினாரியோ'வில் லீடர்ஸ் ஆஃப் த நியூ ஸ்கூல் குழுவிலிருந்து மூவர் சேர, ஐந்து குரல்கள் முட்டி மோதுகின்றன. இறுதியில் பஸ்டா ரைம்ஸ் உறுமிக்கொண்டு வரும்போது, சுருக்கிய கோப்பில் அந்த உறுமலும் டிரம்மும் ஒன்றாகக் குழம்பும். நல்ல கோப்பில் இரண்டும் பிரிந்தே நிற்கும்.

ஒலியளவைக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேட்கும் நேரம் கூடினால் அளவு இன்னும் இறங்க வேண்டும்.

இந்த ஆல்பத்துக்குச் சி.டி. தரத்தில் ஒரு லாஸ்லெஸ் கோப்பும், நசுக்காத மாஸ்டரும், காதில் சரியாகப் பொருந்தும் வயர் இயர்போனும் போதும். ஹை-ரெஸ்ஸுக்காக வைத்திருந்த பணம் மிச்சமானால், இதே குழு 1993-ல் வெளியிட்ட 'மிட்நைட் மரோடர்ஸ்' ஆல்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.